பன்ட் நேரம் டீ நேரம் அல்ல!

எங்கள் அபார்ட்மெண்டில் நாலு பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் பார்ப்போம். (அமெரிக்கன் ஃபுட்பால். காலால் மட்டும் ஆடும் ஃபுட்பாலின் ரசிகர்கள் அடிக்க வர வேண்டாம் :-)) அதில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. பன்டர் உள்ளே வந்து நின்றால் யாராவது ஒருத்தர் எழுந்து டீ போடப் போக வேண்டும். மற்றவர்கள் மொபைலை எடுத்துக்கொள்வார்கள். டீ வரும்போது குவார்ட்டர்பேக் திரும்ப வந்திருப்பார், ஆட்டம் 'தொடங்கும்'.

இரண்டு வாரத்துக்கு முன் நான் மட்டும் எழுந்து போக மறுத்தேன். "டேய், பன்ட் தானே, என்னடா பார்க்கிறே? மேட்சை ஜெயிக்கிறது குவார்ட்டர்பேக். மத்ததெல்லாம் இடைவேளை" என்றான் நண்பன். நான் ஏதோ சொன்னேன், அவன் ஏதோ சொன்னான், அதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. வாயால் ஜெயிக்க முடியாத சண்டையை எழுதித்தானே ஜெயிக்க வேண்டும்? அதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

நான் சொல்ல வருவது இதுதான். ஸ்கோர்போர்டு, பாயிண்டை யார் முடித்து வைத்தார் என்று மட்டும்தான் சொல்லும். அந்த பாயிண்ட் எங்கே பிறந்தது என்று சொல்லாது. பந்து எந்த இடத்தில் கைக்கு வந்தது என்பதிலேயே ஸ்கோரின் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது. அந்த இடத்தைத் தீர்மானிப்பவர்களில் முக்கியமானவர்கள் நாம் டீ போடப் போகும் நேரத்தில் ஆடுகிறவர்கள். அவர்களைப் பார்க்காமல் ஆட்டத்தைப் புரிந்துகொண்டதாகச் சொல்வது, மளிகைக்கடை பில்லில் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு சண்டைக்குப் போவது மாதிரி.

முதலில் விதி தெரியாதவர்களுக்கு

என் கிளாஸ்மேட்ஸ் பலருக்கு இந்த ஆட்டம் தெரியாது என்பதால் ஒரே பத்தியில் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாவிப் போகலாம். களத்தின் நீளம் 100 யார்டு (கெஜம்தான்). இரண்டு முனையிலும் எண்ட் ஸோன். பந்தை அதற்குள் கொண்டுபோனால் டச்டவுன், 6 பாயிண்ட். அதன் பிறகு ஒரு உதை, அது சேர்ந்தால் 1. நடுவில் கம்பங்களுக்கிடையே உதைத்து அனுப்பினால் ஃபீல்ட் கோல், 3 பாயிண்ட். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு, அதாவது நாலு டவுன். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் புதிதாக நாலு கிடைக்கும். முடியாது என்று தோன்றினால் நாலாவது டவுனில் பந்தை எதிரி பக்கம் தூரமாக உதைத்து அனுப்பிவிடுவார்கள், அதுதான் பன்ட். ஒவ்வொரு ஸ்கோருக்குப் பிறகும் பந்தை எதிரிக்கு உதைத்துக் கொடுப்பது கிக்ஆஃப். இந்த உதை வேலைகளுக்கெல்லாம் தனி ஆட்கள் இறங்குவார்கள். அவர்கள்தான் ஸ்பெஷல் டீம்ஸ். பந்து களத்தில் எந்த யார்டில் இருக்கிறது என்பது ஃபீல்ட் பொசிஷன். 'சொந்த 20' என்றால் நம் கோல் கோட்டிலிருந்து 20 யார்டு தள்ளி, இன்னும் 80 யார்டு போகணும். 'எதிரி 20' என்றால் இன்னும் 20தான் பாக்கி.

ஒரு யார்டு என்ன விலை?

இந்தக் கேள்விக்கு முதலில் ஒழுங்காகக் கணக்குப் போட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஒரு குவார்ட்டர்பேக்! விர்ஜில் கார்ட்டர் என்று பெயர். சிகாகோ பேர்ஸ், பிறகு சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிகளுக்கு ஆடியவர். ஆடிக்கொண்டே எம்பிஏ படித்தவர். அவரும் ராபர்ட் மேக்கோல் என்ற பேராசிரியரும் சேர்ந்து 1971ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 1969 சீசனின் ஆட்டங்களை எடுத்துக்கொண்டு களத்தைப் பத்துப் பத்து யார்டாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் முதல் டவுன் கிடைத்த அணிக்கு, அடுத்து வரும் ஸ்கோர் சராசரியாக எவ்வளவு என்று பார்த்தார்கள். அடுத்த ஸ்கோர் நம்முடையது என்றால் கூட்டல், எதிரியுடையது என்றால் கழித்தல்.

அவர்களுக்குக் கிடைத்த எண்கள் ஏறக்குறைய இப்படி:

சொந்த 5 யார்டு பக்கம்: மைனஸ் 1.2
சொந்த 15: மைனஸ் 0.6
சொந்த 25: பிளஸ் 0.2
சொந்த 45: பிளஸ் 1.5
எதிரி 45: பிளஸ் 2.4
எதிரி 5: பிளஸ் 6

முதல் இரண்டு வரியை இன்னொரு முறை பாருங்கள். பந்து நம் கையில், ஆனால் மதிப்பு மைனஸ்! அதாவது அந்த மூலையில் மாட்டிக்கொண்ட அணியைவிட பந்து இல்லாத எதிரிதான் அடுத்து ஸ்கோர் செய்ய அதிக வாய்ப்பு. பந்து வைத்திருப்பது நல்லது என்பது எல்லா இடத்திலும் உண்மை இல்லை. எங்கே வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இன்னொரு கணக்கு. மேலே சொன்ன முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் நடுவே 90 யார்டு, மதிப்பு வித்தியாசம் 7 பாயிண்டுக்குக் கொஞ்சம் மேல். வகுத்துப் பார்த்தால் சுமார் 12 யார்டுக்கு 1 பாயிண்ட். 1969 ஆட்டம் வேறு, இன்றைய ஆட்டம் வேறு. இப்போது பாஸ் எளிது, கிக்கர்கள் கெட்டிக்காரர்கள், அதனால் எண்கள் மாறும். ஆனால் மேலே போகப் போக விலை ஏறும் என்ற சரிவு மாறவில்லை. இன்று டிவியில் காட்டும் வெற்றி சதவீதக் கணக்குகளுக்கெல்லாம் இந்த மாதிரி அட்டவணைதான் தாத்தா.

இந்த 12ஐ கையில் வைத்துக்கொண்டு ஒரு மேட்ச்சைப் பார்ப்போம். ஒரு அணி சராசரியாக நாலைந்து பன்ட், நாலைந்து கிக்ஆஃப் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் எதிரியைவிட 10 யார்டு மட்டும் அதிகமாகக் கோட்டைவிட்டால் மொத்தம் 80, 90 யார்டு. அதாவது ஏழு பாயிண்ட். யாரும் பந்தைத் தவறவிடவில்லை, யாரும் 100 யார்டு ஓடவில்லை, ஹைலைட்ஸில் ஒரு நொடி கூட வராது. ஆனால் ஒரு டச்டவுன் போய்விட்டது. ராத்திரி டிவியில் நாலு பேர் உட்கார்ந்து "குவார்ட்டர்பேக்குக்கு இன்று என்ன ஆச்சு?" என்று பேசுவார்கள்.

அந்த 10 யார்டு எங்கிருந்து வருகிறது என்பதும் பார்க்க வேண்டிய வேடிக்கை. பன்டர் தூரமாக உதைத்தால் போதும் என்று நினைக்கிறோம். தாழ்வாக 55 யார்டு பறந்த பந்து, தன் ஆட்கள் ஓடி வந்து சேர்வதற்குள் எதிரி கையில் விழுந்துவிடும், அவன் 20 யார்டு திரும்பி ஓடிவிடுவான். உயரமாக நாலரை நொடி காற்றில் நின்று 45 யார்டில் விழுந்த பந்தை எதிரி அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பான். குறைவாக உதைத்தவன்தான் ஜெயித்தவன்! அந்த நாலரை நொடியில் கோட்டோரமாக இரண்டு பேர் (கன்னர் என்பார்கள்) 40 யார்டு ஓடுகிறார்கள், அதுவும் சும்மா ஓட்டமில்லை, ஆளுக்கு ஒருவனோ இருவரோ தள்ளிக்கொண்டே வர, ஓட வேண்டும். பந்து விழும்போது டிவி கேமரா ரிட்டர்னரைத்தான் காட்டும். கன்னர் பெயர் வீட்டில் அவன் அம்மாவுக்குத் தெரியும்.

கிரிக்கெட்டிலும் இதே கதைதானே? பாயிண்டில் நின்று பாய்ந்து பாய்ந்து 15 ரன் தடுத்தவனுக்கு ஸ்கோர்கார்டில் இடமே கிடையாது. அதே 15 ரன்னை அடித்திருந்தால் பெயரும் பந்துகளும் ஃபோரும் அச்சாகும்.

2010 சான் டியாகோ: இதைவிட சாட்சி வேண்டுமா?

"கணக்கெல்லாம் சரி, நிஜத்தில் காட்டு" என்பவர்களுக்கு 2010 சான் டியாகோ சார்ஜர்ஸ்.

அந்த சீசனில் லீக்கிலேயே அதிக யார்டு எடுத்த அணி அவர்கள். லீக்கிலேயே குறைந்த யார்டு கொடுத்த அணியும் அவர்களே. இரண்டிலும் முதலிடம்! குவார்ட்டர்பேக் ஃபிலிப் ரிவர்ஸ் 4,710 யார்டு பாஸ், அதுவும் லீக்கில் முதலிடம். என் நண்பனின் தத்துவப்படி சூப்பர் பௌல் கோப்பையை வீட்டுக்கே பார்சல் அனுப்பியிருக்க வேண்டும். நடந்தது என்ன? 9 வெற்றி, 7 தோல்வி. பிளேஆஃப் கூடக் கிடைக்கவில்லை.

ஏன்? மூன்று மேட்ச் மட்டும் சொல்கிறேன்.

முதல் வாரம், கன்சாஸ் சிட்டி. கொட்டும் மழை. சீஃப்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் மொத்தமே 68 யார்டுதான் பாஸ் செய்தார். ஆனால் டெக்ஸ்டர் மெக்ளஸ்டர் என்ற புதுப் பையன் ஒரு பன்ட்டைப் பிடித்து 94 யார்டு ஓடி டச்டவுன். முடிவு 21-14. தோற்றது 7 பாயிண்டில், பன்ட் ரிட்டர்னில் போனதும் 7.

மூன்றாவது வாரம், சியாட்டில். ரிவர்ஸ் 450 யார்டுக்கு மேல் பாஸ். லியான் வாஷிங்டன் இரண்டாம் பாதியின் முதல் கிக்ஆஃபிலேயே 101 யார்டு ஓடினார். சார்ஜர்ஸ் போராடி 20-20 என்று சமன் செய்த அடுத்த நிமிடமே அதே ஆள் 99 யார்டு ஓடினார். முடிவு 27-20. மறுபடி 7.

ஐந்தாவது வாரம், ஓக்லண்ட். முதல் குவார்ட்டரிலேயே இரண்டு பன்ட் தடுக்கப்பட்டது. ஒன்று சேஃப்டி, இன்னொன்றை எடுத்து டச்டவுன். எக்ஸ்ட்ரா பாயிண்டைச் சேர்க்காமலே 8. முடிவு 35-27, வித்தியாசம் 8. அதற்கு முன் ரெய்டர்ஸ் அணி இவர்களிடம் தொடர்ந்து 13 முறை தோற்றிருந்தது!

சீசன் முடிவில் சீஃப்ஸ் 10-6, டிவிஷன் சாம்பியன். சார்ஜர்ஸ் 9-7. அந்த மழை ராத்திரியில் ஒரே ஒரு பன்ட்டை ஒழுங்காக டாக்கிள் செய்து அந்த மேட்ச்சை ஜெயித்திருந்தால் சார்ஜர்ஸ் 10-6, சீஃப்ஸ் 9-7. டிவிஷன் கைமாறியிருக்கும். ஒரு முழு வருடம், ஐம்பத்து சொச்சம் வீரர்களின் உழைப்பு, லீக்கின் முதல் ஆஃபென்ஸ், முதல் டிஃபென்ஸ் எல்லாம் டீ போடுகிற நேரத்தில் ஊற்றிக்கொண்டது.

மஹோம்ஸ் ரசிகர்களே, கோபிக்காதீர்கள்

பழைய கதை என்பீர்கள். சரி, அடுத்தடுத்த இரண்டு சூப்பர் பௌலுக்கு வாருங்கள். இரண்டிலும் ஜெயித்தது சீஃப்ஸ், இரண்டிலும் சிறந்த வீரர் விருது பேட்ரிக் மஹோம்ஸுக்கு. அவர் பெரிய ஆட்டக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கேட்பது வேறு.

2023 பிப்ரவரி, 57வது சூப்பர் பௌல். நாலாவது குவார்ட்டரில் சீஃப்ஸ் 28, ஈகிள்ஸ் 27. ஈகிள்ஸ் பன்ட் செய்கிறார்கள். கடாரியஸ் டோனி பிடித்து 65 யார்டு ஓடுகிறார். சூப்பர் பௌல் வரலாற்றிலேயே நீளமான பன்ட் ரிட்டர்ன். எதிரி 5 யார்டு கோட்டில் பிடிபடுகிறார். கொஞ்ச நேரத்தில் மஹோம்ஸ் 4 யார்டு பாஸ், ஸ்கை மூர் டச்டவுன், 35-27. கடைசியில் 38-35 என்று மூன்றே பாயிண்டில் வெற்றி.

பேப்பரில் என்ன அச்சானது? 'மூர், 4 யார்டு, மஹோம்ஸ் பாஸ்'. டோனி பெயர் ஸ்கோர் செய்தவர்கள் பட்டியலில் அந்த வரியில் இல்லை. மேலே உள்ள பழைய அட்டவணையை வைத்தே பாருங்கள். சொந்த 30 பக்கம் பந்தின் மதிப்பு 1 பாயிண்டுக்கும் கீழ். எதிரி 5ல் மதிப்பு 6. அந்த ஏழு பாயிண்டில் ஐந்துக்கு மேல் பன்ட் ரிட்டர்னிலேயே சம்பாதித்தாகிவிட்டது. மீதியை வசூல் செய்யத்தான் ஆஃபென்ஸ் உள்ளே வந்தது.

2024 பிப்ரவரி, 58வது சூப்பர் பௌல். மூன்றாவது குவார்ட்டரில் ஃபார்ட்டிநைனர்ஸ் 10-6 என முன்னிலை. சீஃப்ஸ் பன்ட் செய்ய, தரையில் குதித்த பந்து ஃபார்ட்டிநைனர்ஸ் வீரர் ஒருவரின் காலில் பட்டுவிட்டது. பட்டதும் அது யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றாகிவிடும். சீஃப்ஸ் எடுத்தார்கள், எதிரி 16 யார்டில். அடுத்த பாஸிலேயே டச்டவுன், 13-10. முழு நேர ஆட்டத்தில் மஹோம்ஸின் ஆஃபென்ஸ் போட்ட ஒரே டச்டவுன் அதுதான்! அதற்குப் பிறகு ஃபார்ட்டிநைனர்ஸ் டச்டவுன் போட்டபோது எக்ஸ்ட்ரா பாயிண்ட் உதையை சீஃப்ஸ் ஆள் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். 17 ஆக வேண்டியது 16. முழு நேரம் 19-19 என்று முடிந்து, கூடுதல் நேரத்தில் சீஃப்ஸ் 25-22.

அந்த மேட்ச்சுக்குப் பிறகு ஊரெல்லாம் பேசியது எதை? கூடுதல் நேரத்தில் டாஸ் ஜெயித்த ஃபார்ட்டிநைனர்ஸ் கோச் முதலில் பந்தை எடுத்தது சரியா தப்பா என்று. ஐயா, அந்தக் கூடுதல் நேரமே ஒரு காலிலும் ஒரு கையிலும் பட்ட பந்தால் வந்தது ஐயா!

"அதெல்லாம் அதிர்ஷ்டம்"

எதிர்த்தரப்பின் நல்ல வாதம் இது, அதனால் நேர்மையாகப் பதில் சொல்கிறேன். காலில் படுவது, தடுக்கப்படுவது, 100 யார்டு ஓட்டம் இதெல்லாம் அபூர்வம். இந்த வருடம் ஸ்பெஷல் டீம்ஸில் முதலில் நின்ற அணி அடுத்த வருடமும் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். 2007 பிப்ரவரி, 41வது சூப்பர் பௌல். டெவின் ஹெஸ்டர் ஆட்டத்தின் முதல் உதையையே பிடித்து 92 யார்டு ஓடி டச்டவுன். அப்புறம்? சிகாகோ பேர்ஸ் 29-17 என்று இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸிடம் தோற்றது. குவார்ட்டர்பேக் கோல்ட்ஸ் பக்கம் பேட்டன் மேனிங். ஆக, ஸ்பெஷல் டீம்ஸ் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானும் என் நண்பன் மாதிரி ஒரே கண்ணால் பார்க்கிறவன்.

ஆனால் அபூர்வம் என்பதும் அதிர்ஷ்டம் என்பதும் ஒன்றல்ல. சார்ஜர்ஸ் ஒரு முறை வழுக்கி விழவில்லை, செப்டம்பரிலிருந்து திரும்பத் திரும்ப விழுந்தார்கள். பெரிய ஓட்டங்கள் கண்ணில் படுகின்றன, நான் முன்னே சொன்ன பத்துப் பத்து யார்டு கண்ணில் படுவதில்லை. அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவது பெரும்பாலும் பார்க்காமல் விட்டதற்கு ஒரு கௌரவமான பெயர்.

என் கட்சியிலும் கோழைகள் உண்டு

ஃபீல்ட் பொசிஷன் என்ற வார்த்தையை நாசமாக்கியவர்கள் ரசிகர்கள் மட்டும் இல்லை, கோச்சுகளும்தான். பந்து எதிரி 38ல். நாலாவது டவுன், 2 யார்டு தேவை. கோச் பன்டரை அனுப்புகிறார். கேட்டால் "ஃபீல்ட் பொசிஷனுக்காக" என்பார். உதைத்த பந்து எண்ட் ஸோனுக்குள் போய்விடுகிறது. விதிப்படி எதிரிக்குப் பந்து 20 யார்டில். 38க்கும் 20க்கும் கழித்துப் பாருங்கள், லாபம் 18 யார்டு. நம் விலைப்பட்டியலில் ஒன்றரை பாயிண்ட். அந்த ஒன்றரைக்காக ஒரு டச்டவுன் வாய்ப்பை விட்டுக்கொடுத்தது ஃபீல்ட் பொசிஷன் அறிவா? பயம். இடத்தின் விலை தெரிந்தவன் எங்கே உதைக்கக் கூடாது என்றும் தெரிந்திருப்பான்.

பெர்க்லி பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமர் 2006ல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். 1998 முதல் 2000 வரையிலான ஆட்டங்களை எடுத்து, நாலாவது டவுனில் அணிகள் தேவைக்கு மேல் உதைக்கின்றன, வெற்றி வாய்ப்பைத் தாங்களே குறைத்துக்கொள்கின்றன என்று காட்டினார். பல வருடம் யாரும் கேட்கவில்லை. ஏன் என்பதற்கு 2009 நவம்பர் உதாரணம். நியூ இங்கிலாந்து கோச் பில் பெலிசெக், கோல்ட்ஸுக்கு எதிராக 34-28 முன்னிலை, இரண்டு நிமிடம் பாக்கி, சொந்த 28ல் நாலாவது டவுன், 2 யார்டு தேவை. உதைக்காமல் துணிந்தார். நூலிழையில் கிடைக்கவில்லை. கோல்ட்ஸ் டச்டவுன் போட்டு 35-34. அடுத்த நாள் டிவியில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பன்ட் அடித்துத் தோற்றிருந்தால் ஒருத்தரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் பெலிசெக் ஸ்பெஷல் டீம்ஸ் கோச்சாக வேலை பார்த்து மேலே வந்தவர். பன்ட்டின் மதிப்பு தெரியாதவர் இல்லை. தெரிந்ததால்தான் அது எப்போது போதாது என்றும் தெரிந்தது. இப்போது அணிகள் நாலாவது டவுனில் முன்னைவிட அதிகம் துணிகின்றன. நல்லது. அதனால் பன்ட் செத்துவிட்டது என்று சிலர் கொண்டாடுவதுதான் அபத்தம். தேவையில்லாத பன்ட் குறைந்தால், மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு பன்ட்டும் தேவையான பன்ட் என்றல்லவா அர்த்தம்?

லீக்கே ஒத்துக்கொண்டது

ஃபீல்ட் பொசிஷன் முக்கியமில்லை என்பவர்கள் லீக்கின் விதிப்புத்தகத்தைப் பார்க்கட்டும். கிக்ஆஃபில் எதிரெதிரே முழு வேகத்தில் ஓடிவந்து மோதி மண்டையில் அடிபடுவது அதிகம் என்பதால் அதைக் குறைக்க நினைத்தார்கள். என்ன செய்தார்கள்? இடத்தின் விலையை மாற்றினார்கள். 2011ல் கிக்ஆஃப் உதைக்கும் கோட்டை 30லிருந்து 35க்கு நகர்த்தினார்கள், பந்து எண்ட் ஸோனுக்குள் போவது எளிதானது. 2016ல், ஓடாமல் அங்கேயே விட்டால் கிடைக்கும் இடத்தை 20லிருந்து 25 ஆக்கினார்கள். ஓட்டம் செத்தே போனது. அந்த 58வது சூப்பர் பௌலில் ஒரு கிக்ஆஃப் கூடத் திரும்ப ஓடப்படவில்லை.

2024ல் மொத்த அமைப்பையே மாற்றினார்கள். இரண்டு அணியும் 5 யார்டு இடைவெளியில் எதிரெதிரே நிற்கும், பந்து விழும்வரை அல்லது யாராவது தொடும்வரை அசையக் கூடாது. நீண்ட ஓட்டமும் மோதலும் இல்லை. எண்ட் ஸோனுக்குள் நேராக உதைத்தால் எதிரிக்கு 30 யார்டு. அதற்கும் கோச்சுகள் "பரவாயில்லை, 30 எடுத்துக்கொள்" என்று உதைத்துக்கொண்டே இருந்தார்கள். 2025ல் அதை 35 ஆக்கினார்கள். வெறும் 5 யார்டு! அரை பாயிண்ட் கூட வராது. உடனே கோச்சுகள் பந்தைக் களத்துக்குள் உதைக்க ஆரம்பித்தார்கள், ரிட்டர்ன்கள் பெருகிவிட்டன. இவ்வளவு பெரிய மூளைக்காரர்கள் 5 யார்டுக்காகத் தங்கள் வழக்கத்தை மாற்றுகிறார்கள். நாம் 45 யார்டு பன்ட்டுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

கடைசியாக, யார் தலையில் விழுகிறது?

இதை எழுத என்னை உட்கார வைத்தது கணக்கு மட்டும் இல்லை. ஸ்பெஷல் டீம்ஸ் ஆட்களை நாம் இரண்டே சமயத்தில்தான் பார்க்கிறோம். ஒன்று அதிசயம் நடந்தால். இல்லை, திட்டுவதற்கு ஆள் தேவைப்பட்டால்.

2012 ஜனவரி, ஃபார்ட்டிநைனர்ஸும் ஜயண்ட்ஸும், ஜெயித்தால் சூப்பர் பௌல். வழக்கமான ரிட்டர்னருக்குக் காயம், பதிலுக்குக் கைல் வில்லியம்ஸ் இறங்கினார். ஒரு பன்ட் அவர் முழங்காலை உரசியது, ஜயண்ட்ஸ் எடுத்து டச்டவுன் போட்டார்கள். கூடுதல் நேரத்தில் இன்னொரு பன்ட்டைப் பிடித்து ஓடும்போது கையிலிருந்து தட்டிவிட்டார்கள், ஃபீல்ட் கோல், 20-17. அன்று அந்தப் பையனுக்கு இணையத்தில் கொலை மிரட்டல்கள் வந்தன. அதே மேட்ச்சில் ஃபார்ட்டிநைனர்ஸ் ஆஃபென்ஸ் மூன்றாவது டவுனில் 13 முறை முயன்று ஜெயித்தது ஒரே ஒரு முறை. அதற்காக யாரை மிரட்டினார்கள்?

2010 டிசம்பரில் ஜயண்ட்ஸ், ஈகிள்ஸுக்கு எதிராக 31-10 முன்னிலை, எட்டு நிமிடம் கூட பாக்கி இல்லை. டிஃபென்ஸ் 21 பாயிண்ட் விட்டுக்கொடுத்து 31-31. கடைசி நொடிகளில் புதுமுக பன்டர் மேட் டாட்ஜ் கோட்டுக்கு வெளியே உதைக்க வேண்டியதை டிஷான் ஜாக்சன் கையில் உதைத்துவிட்டார். 65 யார்டு, ஆட்டம் முடிந்தது. கோச் களத்துக்குள் ஓடிப்போய்க் கத்தியது டாட்ஜைப் பார்த்துத்தான், உலகமே பார்த்தது. 21 பாயிண்ட் விட்டவர்கள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

பழியில் முழுப் பங்கு, புகழில் பங்கே இல்லை. புகழ் மண்டபத்தைப் பாருங்கள். உதைப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒருவர், யான் ஸ்டெனெருட், உள்ளே போனது 1991ல். 1973ல் முதல் சுற்றிலேயே தேர்வாகி 1986 வரை ஆடிய பன்டர் ரே கை, 2014 வரை காத்திருந்தார். ரிட்டர்னர் என்ற பெயரில் முதலில் நுழைந்தவர் ஹெஸ்டர், 2024ல். ஆட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு என்று கோச்சுகளே மேடையில் சொல்லும் வேலைக்கு வாசலில் இத்தனை வருடக் காவல்.

ஒரே ஒரு ஊரை மட்டும் நான் மன்னித்துவிட்டேன். 1991 ஜனவரி சூப்பர் பௌலில் பஃபலோ அணியின் ஸ்காட் நார்வுட் கடைசி நேரத்தில் 47 யார்டு உதையை வலப்பக்கம் விட்டார், 20-19 தோல்வி. மறுநாள் பஃபலோவில் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கூடி, அவர் பெயரைச் சொல்லியே மேடைக்கு அழைத்தார்கள். அடித்துத் துரத்த இல்லை, கைதட்ட. அந்த ஒரு உதைக்கு முன் அறுபது நிமிடம் மற்றவர்களும் ஆடினார்கள் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

அதனால் மக்களே, அடுத்த ஞாயிறு ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒரு பேப்பரை எடுத்து, ஒவ்வொரு முறை பந்து கைமாறும்போதும் எந்த யார்டில் தொடங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். ஸ்கோரைக் குறிக்க வேண்டாம். மேட்ச் முடிந்ததும் இரண்டு பக்கத்துச் சராசரியையும் பாருங்கள். ஸ்கோர்போர்டைப் பார்க்காமலே யார் ஜெயித்தார்கள் என்று ஊகித்துப் பாருங்கள். பலமுறை சரியாக வரும். வராத நாளில் எந்தக் குவார்ட்டர்பேக் உண்மையிலேயே மேட்ச்சை இழுத்துக்கொண்டு வந்தார் என்று தெரியும், அவருக்கான பாராட்டும் அப்போதுதான் உண்மையான பாராட்டு.

பி.கு: நண்பன் இதைப் படித்துவிட்டான். "சரிடா, அப்ப டீ எப்ப போடறது?" என்று கேட்கிறான். விளம்பரம் வரும்போது போடு மச்சான். அமெரிக்க ஃபுட்பாலில் விளம்பரத்துக்கா பஞ்சம்? :-)